ஆரம்ப ஸ்டேஜ் புராஸ்டேட் கேன்சருக்கு சாப்பாடு மாத்திப் பாக்கறீங்களா? டெஸ்ட் பண்ற முறை இதுதான்

க்ளீசன் (ஊசியால எடுத்த திசுவ, அதாவது பயாப்சிய, பாத்து கேன்சர் எவ்ளோ தீவிரம்னு போடற மார்க்கு) 6, பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிலேர்ந்து ரத்தத்துல கலக்கற புரதம்) 10க்கு கீழ, இப்போதைக்கு ஆபரேஷனும் வேணாம் ரேடியேஷனும் வேணாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்கன்னு யூராலஜிஸ்ட் அனுப்பி வச்சா, வீட்டுக்கு வந்த உடனே எல்லாரும் கேக்கறது சாப்பாட்டுல என்ன மாத்தணும்னுதான். எங்க அப்பாவுக்கு வந்தப்ப சேலம் அம்மாப்பேட்டைல சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பால நிறுத்து, தக்காளி நிறைய குடு, கறிய விடு, ஆளிவிதை பொடி பண்ணி குடுன்னு. எல்லாம் பாசத்துல சொல்றதுதான். ஆனா மாத்தினது வேலை செய்யுதான்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு யாரும் சொல்லல, அதத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல பதறாதீங்க. இந்த மாதிரி கண்காணிப்புல வைக்கறதுக்கு ஆக்டிவ் சர்வைலன்ஸ்னு பேரு, கைவிட்டுட்டாங்கன்னு நெனைக்க வேணாம். பிரிட்டன்ல ப்ரொடெக்ட்னு ஒரு ட்ரையல்ல, அதாவது நோயாளிங்கள வச்சு செய்யற ஆய்வுல, 1643 பேர கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன்னு மூணா பிரிச்சு 15 வருஷம் பாத்தாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு, மூணு குரூப்லயுமே புராஸ்டேட் கேன்சரால இறந்தவங்க 3 சதவீதம் பக்கம்தான். நிதானமா செஞ்சு பாக்க டைம் இருக்கு.

சாப்பாட்ட வச்சு நடந்த ட்ரையல்ல முக்கியமானது அமெரிக்காவுல நடந்த மீல் ட்ரையல். சர்வைலன்ஸ்ல இருந்த 478 பேரு, 50லேர்ந்து 80 வயசு வரைக்கும். ஒரு பாதிக்கு போன்லயே கவுன்சிலிங் குடுத்து ஒரு நாளைக்கு ஏழு பங்கு காய்கறி சாப்பிட வச்சாங்க, அதுல ரெண்டு பங்கு கோஸ் வகை, ரெண்டு பங்கு தக்காளி. இன்னொரு பாதிக்கு ஒரு புக்லெட் மட்டும். ரெண்டு வருஷம் ஓட்டினாங்க. காய் நெஜமாவே சாப்பிட்டாங்களான்னு ரத்தத்துல கரோட்டினாய்டுங்கற காய்கறி நிறமிய அளந்தே பாத்தாங்க, ஏறித்தான் இருந்துச்சு. ஆனா 2020ல வந்த ரிசல்ட்ல நோய் முன்னேறினது காய் குரூப்ல 124 பேருக்கு, புக்லெட் குரூப்ல 121 பேருக்கு. இத படிச்சப்ப எனக்கு மனசே விட்டுப்போச்சு.

2024 கடைசில கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து லாஸ் ஏஞ்சலஸ் டாக்டருங்க 100 பேர வச்சு செஞ்சது வேற மாதிரி. எண்ணெய்ல பொரிச்சத கொறச்சு, ஒமேகா 6ங்கற கொழுப்ப கொறச்சு, மீன்ல இருக்கற ஒமேகா 3 கொழுப்ப ஏத்தி, மீன் எண்ணெய் மாத்திரையும் குடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க. கேஐ 67ன்னு செல்லு எவ்ளோ வேகமா பெருகுதுன்னு காட்டற அளவு ஒண்ணு இருக்கு, அது இவங்களுக்கு 15 சதவீதம் எறங்குச்சு, சாப்பாட்ட மாத்தாத குரூப்ல 24 சதவீதம் ஏறுச்சு. நல்ல சேதிதான், ஆனா பிஎஸ்ஏவுலயும் க்ளீசன்லயும் வித்தியாசம் இல்ல, அதோட கேஐ 67 பயாப்சி திசுவுலதான் தெரியும், வீட்ல உக்காந்து பாக்க முடியாது.

இப்ப நம்ம வீட்டு டெஸ்டுக்கு வருவோம். பிஎஸ்ஏ ஒரே ஆளுக்கே எந்த காரணமும் இல்லாம 15, 20 சதவீதம் மேல கீழ ஆடும், அதாவது 6 இருக்கறவருக்கு 5ன்னும் வரும் 7ன்னும் வரும். 2005ல 93 பேர வச்சு செஞ்ச ட்ரையல்ல சைவம், நடை, யோகான்னு மொத்தமா மாத்தினவங்களுக்கு ஒரு வருஷத்துல சராசரியா எறங்கினதே 4 சதவீதம்தான், 6 இருந்தா 5.76. ஒரு ஆளோட ரிப்போர்ட்ல இது கண்ணுக்கே தெரியாது. அதனால ஒரு ரிப்போர்ட் 7ல இருந்து 6க்கு வந்துச்சுன்னு ஸ்வீட் வாங்காதீங்க, ஏறிச்சுன்னு அழவும் அழாதீங்க.

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, இப்ப சாப்பிடறத ரெண்டு வாரம் அப்படியே ஒரு நோட்டுல எழுதுங்க. வெக்கப்படாம எழுதணும், சாயங்காலம் தின்ன தட்டுவடை செட்டு, ரெண்டாவது காப்பிக்கு போட்ட சக்கரை, மேட்டூர் டேம் மீன பொரிச்சு தின்னது எல்லாம். அதோட எடை, இடுப்பு சுத்தளவு, பிபி, மூணு மாச சுகர், கொலஸ்ட்ரால் எடுத்து வைங்க. இதுங்கதான் உங்க சாப்பாடு மாத்தத்துக்கு நேரா பதில் சொல்லும், இந்த ஸ்டேஜ்ல இருக்கற பெரியவங்களுக்கு கேன்சர விட ஹார்ட் அட்டாக்தான் பெரிய ஆபத்து.

பிஎஸ்ஏ ரத்தம் எப்பவும் ஒரே லேப்ல குடுங்க, அஞ்சு ரோட்டுல ஒருதடவ ஃபேர்லேண்ட்ஸ்ல ஒருதடவன்னு மாத்தினா மெஷின் மாறும், எண்ணும் மாறும். ரெண்டு நாள் முன்னாடியே சைக்கிள் ஓட்டறத நிறுத்தணும், தாம்பத்தியமும் கூடாது, யூரின் இன்ஃபெக்ஷனோ பயாப்சியோ ஆகியிருந்தா ஆறு வாரம் தள்ளிப் போடுங்க. முக்கியமா, யூரின் அடைப்புக்கு ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரை போட்டா ஆறு மாசத்துல பிஎஸ்ஏ பாதியா கொறையும். அதப் பாத்துட்டு கஷாயம் கேட்டுச்சுன்னு ஊரெல்லாம் சொல்றவங்க இருக்காங்க.

மாத்தம் ஒவ்வொண்ணா பண்ணுங்க, ஒவ்வொண்ணுக்கும் மூணு மாசமாவது விடுங்க. எங்க வீட்ல எண்ணெய்ல இருந்துதான் ஆரம்பிச்சோம். மாசம் பொறந்ததும் அந்த மாசத்து எண்ணெய தனி டின்ல ஊத்தி வச்சிட்டு அதுக்கு மேல வாங்கறதில்லன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க, ஸ்பூன் கணக்கெல்லாம் ரெண்டு நாள்ல விட்டுப்போகும், டின்னு காலியாகறது கண்ணுக்குத் தெரியும். அடுத்தது காய், உழவர் சந்தைல முட்டகோசு, முள்ளங்கி, நூக்கல் எல்லாம் மலிவாவே கெடைக்கும், மூணும் கோஸ் குடும்பம்தான். வெந்த காய் அரை கப்பு ஒரு பங்கு. தக்காளிய பச்சையா கடிக்கறத விட கொஞ்சம் எண்ணெய்ல வதக்கி தொக்கா சாப்பிட்டா அதோட செவப்பு நிறமியான லைகோபீன் உடம்புல நல்லா சேரும். ஒமேகா 3க்கு டேம் மீன விட மத்தியும் அயிலையும் மேல, பொரிக்காம கொழம்பா வைங்க.

ஏற்கனவே மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேக்காம மாத்தவே கூடாது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ போடறவரு திடீர்னு தெனம் கீரை தின்னா மருந்தோட அளவு கெட்டுப்போகும், சுகர் மாத்திரை போட்டுட்டு சோத்த பாதியா கொறச்சா மயக்கம் வரும், கிட்னி பிரச்சனை இருந்தா தக்காளியும் கீரையும் அளவோடதான். விட்டமின் மாத்திரைய நீங்களா வாங்காதீங்க, செலக்ட் ட்ரையல்ல 35,533 பேர்ல விட்டமின் ஈ மட்டும் தெனம் 400 யூனிட் போட்டவங்களுக்கு புராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் அதிகமாச்சு, 2011ல வெளிவந்தது.

பொடி விக்கறவங்க பயாப்சி எடுக்காத, கேன்சர் பரவிடும்னு சொன்னா அங்கிருந்து எழுந்து வந்துருங்க. எனக்கு இதுலதான் ரொம்ப கோவம். பிஎஸ்ஏ தொடர்ந்து ஏறினாலோ, எம்ஆர்ஐல புதுசா தெரிஞ்சாலோ, பயாப்சில க்ளீசன் ஏறினாலோ சாப்பாட்டு டெஸ்ட்ட காரணம் காட்டி ஒரு மாசம் கூட தள்ளிப் போடாதீங்க, நோட்டையும் எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க.

நெஜமான ட்ரையல்லயே சேரணும்னா சிடிஆர்ஐங்கற இந்திய அரசு பதிவேட்டுல புராஸ்டேட்னு போட்டு தேடலாம், 2009லேர்ந்து இங்க நடக்கற மருத்துவ ட்ரையல் எல்லாம் அதுல பதிவாகணும். சேர்றதுக்கு முன்னாடி எத வச்சு ரிசல்ட் பாப்பீங்க, எந்த குரூப்புன்னு குலுக்கல் முறைலயா பிரிப்பீங்க, ரத்தம் பயாப்சி செலவு யாரோடதுன்னு கேளுங்க. சம்மத படிவத்த தமிழ்ல கேட்டு வாங்கி முழுசா படிச்சுட்டு கையெழுத்து போடுங்க, நடுவுல எப்ப வேணாலும் விலகிக்கலாம், அதுக்காக உங்க வழக்கமான ட்ரீட்மென்ட்ட யாரும் நிறுத்தக் கூடாது.