வயதான காலத்தில் இணைய நோயாளர் குழுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. இரவு இரண்டு மணி. கால் வீங்கியிருக்கிறது, தூக்கம் வரவில்லை. "வீக்கம் கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? காலை எப்படி வைத்துப் படுப்பது? அதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் இணையக் குழுவில், ஆறு மாதம் கடந்த ஒருவர் இதற்குச் சொல்லும் பதில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. வீக்கம் மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட இருக்கும். தலையணையை முழங்காலுக்கு நேர் கீழே வைக்காதீர்கள், கால் மடங்கியபடியே இறுகிப்போகும். கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் கீழே வையுங்கள்.

அதே குழுவில் அடுத்த பதிவு இப்படி இருக்கும்: "இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை." எழுதியவர் கெட்டவர் அல்ல, அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அதைப் படித்து இன்னொருவர் மாத்திரையை நிறுத்தினால், காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே பறிக்கலாம்.

இந்தக் குழுக்களில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டு வகைப் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருகின்றன. நோயோடு அன்றாடம் எப்படிக் காலம் தள்ளுவது என்று அங்கே தாராளமாகக் கேட்கலாம். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை அங்கே முடிவு செய்யக் கூடாது.

கிடைத்த முதல் குழுவிலேயே தங்கிவிடுவது

யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுச் சேர்ந்துவிட்டு, அன்றே தன் கதை முழுவதையும் எழுதிவிடுபவர்கள் நிறைய. சேருங்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் படிக்க மட்டும் செய்யுங்கள். பார்க்க வேண்டியது என்ன? "இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை நோயே போய்விடும்" என்று ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்களா, கைதட்டுகிறார்களா? "மாத்திரையை விட்டுவிட்டேன்" என்பவரிடம் "மருத்துவரிடம் சொன்னீர்களா" என்று யாராவது கேட்கிறார்களா? அட்மின் யார், விதிகள் எழுதி மேலே வைக்கப்பட்டிருக்கின்றனவா? எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு புட்டியை வாங்கச் சொல்லி முடிகிறதா? அப்படி முடிந்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.

குழுவின் அளவும் முக்கியம். ஐம்பதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் உங்கள் பதிவு ஒரு மணி நேரத்தில் கீழே போய்விடும். அரிய நோய் என்றால் அவ்வளவு பெரிய கூட்டம்தான் உதவும், ஏனென்றால் உங்களைப் போன்ற இன்னொருவர் அங்கேதான் இருப்பார். தனிமைதான் பெரிய பாரம் என்றால் நூறு, இருநூறு பேர் உள்ள இடம் நல்லது. போன வாரம் நீங்கள் எழுதியதை நினைவில் வைத்து "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பார்கள். நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் ஒரே குழுவில் இருக்க வேண்டியதில்லை, பல சமயம் இருக்கவே கூடாது. மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு அலுப்பைக் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். அதை அவர் கணவர் படிக்கும்படி எழுத முடியாது.

இன்னொருவர் எண்ணைத் தன் எண்ணாக எடுத்துக்கொள்வது

அதிக கவனம் வேண்டிய இடம் இது. இணையக் குழுவில் பல நாட்டவரும் இருப்பார்கள், நாட்டுக்கு நாடு பரிசோதனை அளவீடு மாறும். "காலையில் சர்க்கரை 7 இருந்தது" என்று ஒருவர் எழுதுகிறார். அது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பார்க்க 18ஆல் பெருக்க வேண்டும், 126 வரும். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி "53" என்று ஒருவர் போட்டால் பதற வேண்டாம், அது 7 சதவீதம்தான். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஓரிடத்தில் 1 என்று வரும், இன்னோரிடத்தில் 88 என்று வரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. எனவே எண்ணைப் படிக்கும்போது அளவீட்டையும் படியுங்கள், எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மருந்துப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. பாராசிட்டமால், அசிட்டமினோஃபென் இரண்டும் ஒரே மருந்து. குழுவில் யாரோ சொன்னார்கள் என்று இரண்டையும் வேறு வேறு என நினைத்துச் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பாதிக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், உடல் மெலிந்த முதியவருக்கும் கல்லீரல் நோய் உள்ளவருக்கும் அதைவிடக் குறைவு. வணிகப் பெயரை நம்பாமல், மாத்திரை அட்டையில் இருக்கும் மூலப் பெயரைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது வயது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் வயதோடு குறைகிறது. 55 வயதுக்காரருக்குச் சரியாக இருக்கும் அளவு 80 வயதுக்காரரின் உடலில் தேங்கிவிடலாம். தூக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் எளிதாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் ஒரு நல்ல உதாரணம். குழுக்களில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் மருந்து இது. முதியவர்களுக்கு அது மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு, தள்ளாட்டம், கீழே விழுதல் எல்லாவற்றையும் கொண்டுவரலாம். முதியவர்கள் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென 1991இல் முதலில் வெளிவந்து, இன்றுவரை புதுப்பிக்கப்படும் பியர்ஸ் பட்டியலிலும் அது இருக்கிறது.

"இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று வரும் யோசனைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். சோடியம் குறைந்த மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் ராமிப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்து எடுப்பவர் அதைத் தினமும் சேர்த்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவருக்கு ஜின்கோ என்ற மூலிகை மாத்திரை இரத்தக் கசிவைக் கூட்டலாம். முடி கொட்டுவதற்கு எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமினின் அளவு அதிகமானால் தைராய்டு பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் பொய்யாக்கிவிடலாம். உடம்பில் ஒன்றும் தெரியாது, காகிதத்தில் வரும் எண் மட்டும் தவறும்.

நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற இதய மருந்துகள், வாரக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து. "நான் நிறுத்தினேன், நன்றாக இருக்கிறேன்" என்பவர் எந்த மருந்தை, எத்தனை நாளில், யார் மேற்பார்வையில் குறைத்தார் என்பது அந்த ஒரு வரியில் வராது.

குழுவில் படித்தது பயனுள்ளதாகத் தெரிந்தால் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சொல்லப்பட்ட விஷயம், சொன்னவரின் வயதும் அவருக்குள்ள மற்ற நோய்களும், நான் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த முறை போகும்போது மூன்று கேள்விக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், நேரம் இருக்காது. "இணையத்தில் படித்தேன்" என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். "எனக்கு இது பொருந்துமா?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் பதில் சொல்வார். சந்தேகம் மருந்து ஒத்துப்போவதைப் பற்றி மட்டும் என்றால் மருந்தாளுநரே போதும்.

குழுவில் தெரிவதுதான் நோயின் முழு உருவம் என்று நம்புவது

கால் தேறியவர் நடக்கப் போய்விடுகிறார், குழுவில் எழுத வருவதில்லை. தேறாதவர்தான் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார். இதனால் எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் அதன் குழுவில் கெட்ட அனுபவங்களே மிகுந்து தெரியும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் அங்கே மணிக்கணக்கில் படித்துப் பயந்து ரத்து செய்பவர்களும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில், ஒரு மருந்து வேலை செய்ததாக நம்புபவர்கள் உற்சாகமாக எழுதுவார்கள், பலன் தெரியாதவர்கள் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயை லித்தியம் மட்டுப்படுத்துகிறது என்று 2008இல் இத்தாலியில் 44 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு சொன்னது. பேஷண்ட்ஸ்லைக்மீ என்ற இணையச் சமூகத்தின் உறுப்பினர்கள் பலர் லித்தியம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் வெறுமனே "எனக்குப் பரவாயில்லை" என்று எழுதவில்லை. எவ்வளவு எடுத்தோம், உடல் எவ்வளவு இயங்குகிறது என்று ஒரே அளவுகோலில் பதிந்துவந்தார்கள். லித்தியம் எடுத்த 149 பேரை, அதே நிலையில் இருந்து லித்தியம் எடுக்காத 447 பேரோடு ஒப்பிட்டார்கள். பலன் எதுவும் இல்லை என்ற முடிவு 2011இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியானது. எடுத்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. நீங்கள் படிக்கும் பதிவில் ஒப்பிட யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பதிவு போட்டுவிட்டுக் காத்திருப்பது

"காலையிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணுகிறது, யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?" இப்படிப் பதிவுகள் உண்மையாகவே வருகின்றன. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழுவில் பதிலுக்காகக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடலாம். இதுபோல் எழுதாமல் கிளம்ப வேண்டியவை: நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, கண்ணில் மின்னல் தெறித்துத் திரை விழுவது போலிருப்பது. 50 வயது தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அது பார்வையைப் பறிக்கும் தமனி அழற்சியாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்கு அடைப்பு என்று வாரக்கணக்கில் விடக் கூடாது. அக்கி கொப்புளத்துக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். உங்கள் குழுவில் இப்படி ஒருவர் எழுதினால் "இங்கே காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்" என்பது ஒன்றே சரியான பதில்; வாய் கோணல், நெஞ்சழுத்தம், மூச்சுத் திணறல் என்றால் "உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்".

ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் போடுவது, தனிச்செய்தியை நம்புவது

பெயரை மறைப்பதற்காகத் தொலைபேசியில் உள்ள கறுப்புப் பேனாவால் கோடு போடுகிறோம். அந்தப் பேனா சில சமயம் மெல்லிய திரை போலத்தான் பூசும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் பெயர் மறுபடி தெரியும். கோடு போடாமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். ஓரத்தில் இருக்கும் க்யூஆர் குறியையும் பார்கோடையும் மறக்காதீர்கள், ஸ்கேன் செய்தால் முழு ரிப்போர்ட்டும் திறக்கக்கூடும். இன்னும் நல்லது, தேவையான இரண்டு மூன்று எண்களை மட்டும் கையால் தட்டச்சு செய்வது. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தொலைபேசி எண்ணை மற்ற உறுப்பினர்கள் பார்க்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தனியுரிமை அமைப்பில் குழுக்கள் என்ற இடத்தில் "எனது தொடர்புகள்" என்று மாற்றினால் முன்பின் தெரியாதவர்கள் உங்களைக் குழுவில் சேர்க்க முடியாது. பெற்றோரின் நோயைப் பற்றி எழுதும் பிள்ளைகள் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். அது அவர்களுடைய உடம்பு.

குழுவில் எழுதிய சில நிமிடத்தில் தனியாக வரும் ஆறுதல் செய்திக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அட்மின் என்று சொல்லி உங்கள் தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டால், அது உங்கள் கணக்கைப் பறிப்பதற்கு. இல்லாத நோயைச் சொல்லி அனுதாபம் தேடுபவர்களும் உண்டு. நோயாளியாக நடிக்கும் முன்சௌசன் என்ற மனக் கோளாறை ஒட்டி, மனநல மருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் 2000இல் இதற்கு "இணையவழி முன்சௌசன்" என்று பெயரிட்டார். பேச்சு வேறொருவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அப்படி நடிப்பவருக்குப் புதிதாக ஒரு நெருக்கடி வரும். அன்பாகப் பேசுங்கள், பணம் அனுப்பாதீர்கள்.

பாதி சொல்லிக் கேட்பது

"கால் வலிக்குது, என்ன செய்ய?" என்றால் நாற்பது பேர் நாற்பது மருந்து சொல்வார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "வயது 74. இடது முழங்கால் மாற்றி 19 நாள். சர்க்கரை உண்டு. மருத்துவர் பார்த்துவிட்டார், தொற்று இல்லை. இரவில் இரண்டு மணி நேரம்தான் தூக்கம். இதைக் கடந்தவர்களுக்கு எத்தனையாவது வாரத்தில் தூக்கம் திரும்பியது?" யோசனை வேண்டாம், சொல்லி அழ ஓர் இடம்தான் வேண்டும் என்றால் அதையே முதல் வரியில் எழுதுங்கள், கேட்க ஆள் இருக்கும். கை நடுங்கினால் குரலில் சொல்லித் தட்டச்சு செய்யலாம், ஆனால் எண்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். படுக்கப் போகும் நேரத்தில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். தினமும் எழுதிய ஒருவர் திடீரென்று காணாமல் போவதுதான் இந்தக் குழுக்களின் பெரிய துயரம். அவர் போய்ச் சேர்ந்தாரா, ஊன்றுகோலோடு நடக்கிறாரா என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு தாளில் குழுவின் பெயர், அங்கே உங்கள் பெயர், அட்மினைத் தொடர்புகொள்ளும் வழி மூன்றையும் எழுதி, மருந்துச் சீட்டு வைக்கும் உறையிலேயே வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டிவையுங்கள். நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போதும் அவர் அங்கே இரண்டு வரி எழுதிவிடலாம்.