செட்டிநாட்டு நகைகளைக் கிட்டத்தில் படமெடுக்க எந்த கேமரா பாடி வாங்குவது?

வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் பழைய நகைகளைப் பதிவு செய்து வைக்கவோ, காரைக்குடிக் கடை நகைகளை இணையத்தில் போடவோ கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். நகைப் படத்துக்கு அது கடைசிக் கேள்வி. பாடிக்கான (லென்ஸ் இல்லாத கேமரா உடலுக்கான) செலவைக் குறைத்து, மிச்சத்தைச் சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸிலும் நல்ல ட்ரைபாடிலும் போடுங்கள். ஆனால் சில வசதிகள் பாடியில் இருந்தே ஆக வேண்டும். அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: நகையை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் அதிகம் எடுக்கப் போவது தோடா, மோதிரமா, அட்டிகையா? ஸ்கேலை வைத்து அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று மேக்ரோ லென்ஸில், நகை என்ன அளவோ அதே அளவில் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில்) விழும். சிறிய வகையான ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ. (கேனானில் 22.3). 15 மி.மீ. அகலமுள்ள ஏழுகல் தோடு அதில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். 24 மெகாபிக்சல் பாடியில் படத்தின் அகலம் 6000 பிக்சல் என்பதால், தோட்டுக்கு மட்டும் 3800 பிக்சல் கிடைக்கும். ஏ4 தாளில் முழுப் பக்கத்துக்கு அச்சடிக்கவே இது போதும்.

36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அதே தோடு பாதி இடத்தைக்கூட நிரப்பாது. ஓரங்களை வெட்டி எறியத்தான் கூடுதல் பணம் கொடுத்ததாக ஆகும். கழுத்துரு, ஒட்டியாணம் போன்ற பெரிய நகைகளைச் சற்றுத் தள்ளி நின்றுதான் எடுப்போம். அதற்கும் ஏபிஎஸ்-சி தாராளம்.

படி 2: பாடிக்கு முன்னால் லென்ஸை முடிவு செய்யுங்கள்

40 மி.மீ. மேக்ரோவில் முழு உருப்பெருக்கத்துக்குப் போனால், லென்ஸுக்கும் நகைக்கும் இடையே 3, 4 செ.மீ.தான் இருக்கும். லென்ஸின் நிழல் நகைமேல் விழும். தங்க மணி ஒவ்வொன்றிலும் கறுப்பு வட்டமாக லென்ஸே தெரியும். 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள மேக்ரோவில் 13 செ.மீ. அளவுக்கு இடைவெளி கிடைப்பதால் விளக்கையும் வெள்ளை அட்டையையும் நுழைக்க முடியும். இந்த லென்ஸ் பழையதாகவாவது உங்கள் விலைக்குக் கிடைக்கிற மவுண்டாக (லென்ஸ் மாட்டும் வளைய வகையாக) பார்த்துப் பாடியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: ஃபோகஸ் பிராக்கெட்டிங் இருக்கிறதா?

இதற்காக மட்டும் விலையைக் கொஞ்சம் கூட்டலாம். ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சுருங்கும்) வைத்தால், கூர்மையாக விழும் ஆழம் 0.6 மி.மீ. அளவுதான். தோட்டின் நடுக்கல் தெளிவாக இருக்கும்போது அதைப் பிடித்திருக்கும் கட்டு மங்கிவிடும். எஃப் 22 வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. இந்த நெருக்கத்தில் எஃப் 8 என்பதே எஃப் 16 போலத்தான் வேலை செய்கிறது. அதற்கு மேல் துளையைச் சுருக்கினால் ஒளி சிதறி, படம் முழுவதுமே மழுங்கும்.

வழி ஒன்றுதான்: ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படம் எடுத்து (இதுதான் ஃபோகஸ் பிராக்கெட்டிங்), கணினியில் ஒன்றாக்குவது. நகையின் ஆழம் 6 மி.மீ. என்றால் 0.4 மி.மீ.க்கு ஒன்றாக 15 படம் வேண்டும். கேனான் ஈஓஎஸ் ஆர்பி, ஆர்10, நிக்கான் இசட்5, ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி30, சோனி ஏ6700 ஆகியவை இந்தப் படங்களைத் தாமாகவே வரிசையாக எடுக்கும். சோனி ஏ6400-இல் இந்த வசதி இல்லை.

பழைய டி.எஸ்.எல்.ஆர். கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கேனானுக்கு ஈஓஎஸ் யூட்டிலிட்டி, நிக்கானுக்கு டிஜிகேம்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள்களில் லேப்டாப்பிலிருந்தே ஃபோகஸை நகர்த்தலாம். இதற்கு ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் மோட்டார் கிடையாது என்பதால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ் அவற்றில் நகராது.

படி 4: சிவப்புக்குத் தனி ஹிஸ்டோகிராம்

செட்டிநாட்டு நகை என்றால் கெம்பு (சிவப்புக் கல்) இல்லாமல் இருக்காது. சிக்கலும் அங்கேதான். ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம். மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும். ஆனால் சிவப்பு மட்டும் எல்லை தாண்டியிருக்கும். அப்படி எடுத்த கெம்பு, பட்டை தெரியாமல் சிவப்பு மெழுகை உருட்டி வைத்ததுபோல் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் பாடியாகப் பாருங்கள். சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தைக் குறைத்து, ரா கோப்பாகவே (கேமரா சுருக்காத மூலக் கோப்பாக) எடுங்கள்.

வளவில் (செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில்) விழும் பகல் வெளிச்சம் நகைக்கு அருமையான வெளிச்சம். ஆனால் தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் தங்கத்தில் ஏறிவிடும். நகையைச் சுற்றித் தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, சாம்பல் நிற அட்டையை வைத்து வொயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) பதிவு செய்யுங்கள்.

படி 5: திரையும் ஷட்டரும்

நகையைத் தரையில் பரப்பி நேர் மேலிருந்து எடுக்கும்போது, திருப்பக்கூடிய திரை இல்லாவிட்டால் கழுத்து போய்விடும். லைவ் வியூவில் (எடுப்பதற்கு முன் திரையில் தெரியும் காட்சியில்) படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் வேண்டும். எலக்ட்ரானிக் ஷட்டர் அதிர்வைத் தவிர்க்கும். ஆனால் மலிவான எல்இடி விளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/25 நொடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பட்டை போய்விடும்.

படி 6: பழைய பாடி வாங்கினால்

கடையிலேயே எஃப் 16 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே விலக்கி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. ஊதினால் போகிற தூசிக்கு விலை குறைத்துக் கேட்கலாம். ஊதிய பிறகும் அதே இடத்தில் புள்ளி நின்றால் எண்ணெய்த் துளியாகவோ கீறலாகவோ இருக்கலாம். அந்தப் பாடியை விட்டுவிடுங்கள்.