டெல்டாவில் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல்: ரத்தத்தைப் படிப்பதும் மருந்தை முடிப்பதும்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நாய் இரண்டு நாளாகச் சோறு தொடாமல், காது சுட, மூலையில் முடங்கிக் கிடந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலைத்தான். பழுப்பு நாய் உண்ணிக்கு நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுக்கப் பருவம். அது கடத்தும் கிருமிகளில் இரண்டை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எர்லிக்கியா என்பது வெள்ளணுவுக்குள் குடியேறும் பாக்டீரியா. பேபீசியா சிவப்பணுவுக்குள் வளரும் ஒட்டுண்ணி. அதில் பெரிய வகை வோகெலி, சிறிய வகை கிப்சோனி. கிப்சோனி முதன்முதலில் விவரிக்கப்பட்டதே 1910இல், மதராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்திலிருந்துதான். ஒரே உண்ணி, ஒரே நாய், இரண்டு கிருமியும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

கிருமி செய்யும் கேட்டைவிட, அதை விரட்ட உடம்பு செய்யும் வேலையால் வரும் கேடு பெரிது. இது புரியாமல் வைத்தியம் பார்ப்பதால்தான் தப்பிக்க வேண்டிய நாய்கள் சாகின்றன.

உடம்புக்குள் நடப்பது

எர்லிக்கியா ஒளிந்திருப்பது வெள்ளணுவின் உள்ளே. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடி அங்கே எட்டாது. அதைக் கொல்ல, செல்கள் நேரடியாக இறங்கிப் போராடும் எதிர்ப்பு வேண்டும். அந்த எதிர்ப்பு வலுவாக உள்ள நாய் கிருமியை ஒடுக்கிவிடுகிறது. பலவீனமான நாயின் உடம்போ பயனில்லாத ஆன்டிபாடியை மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் குளோபுலின் (ஆன்டிபாடி அடங்கிய புரதம்) ஏறுகிறது. ஆன்டிபாடியும் கிருமித் துண்டுகளும் ஒட்டிய திரள்கள் சிறுநீரகத்திலும் கண்ணிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் போய்ப் படிகின்றன. ரத்தக் கசிவை நிறுத்தும் பிளேட்லெட் மீதே ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துத் தள்ளுகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மணல் ஈ கடித்து நாய்களுக்கு வரும் லீஷ்மேனியா நோயும் இதே போக்குதான்: ஆன்டிபாடி அளவு ஏற ஏற, பெரும்பாலும் நோயும் முற்றுகிறது.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இந்தச் செல்வழி எதிர்ப்பு குறைவு. வியட்நாம் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் ஷெப்பர்டு நாய்கள் நூற்றுக்கணக்கில் எர்லிக்கியாவால் மடிந்தன. ஷெப்பர்டு வளர்ப்பவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பேபீசியாவில் கதை வேறு. பெரும்பாலும் நூறு சிவப்பணுவில் ஒன்றிரண்டில்தான் ஒட்டுண்ணி இருக்கும். ஆனால் ஆன்டிபாடி நல்ல சிவப்பணுக்கள் மேலும் ஒட்டி, அவற்றையும் அழிக்க வைக்கிறது. அதனால்தான் கண்ணாடித் தகட்டில் இழுத்த ரத்தப் பூச்சில் கிருமி தேடித் தேடிக் கிடைக்காத நாய்க்கும் ரத்தம் பாதியாக இறங்கியிருக்கிறது.

வீட்டில் பார்க்க வேண்டியது

மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். நாட்டு நாய்களுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், நிறம் தெரியாது; கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு இல்லாமல் காகிதம் போல் வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அடிவயிற்று முடியை விலக்கினால் தெரியும் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகளும், மூக்கில் ரத்தமும் பிளேட்லெட் சரிந்ததன் அடையாளம். மூத்திரம் கட்டங்காபி நிறத்தில் போனால் பேபீசியாவைச் சந்தேகப்பட வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 102.5 ஃபாரன்ஹீட் வரை இயல்பு, அதற்கு மேல் காய்ச்சல்.

கண்ணும் தோலும் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சலையும் மறக்கக் கூடாது. வயல் எலியும் தேங்கிய தண்ணீரும் உள்ள ஊர் இது; அது மனிதருக்கும் ஒட்டும். அப்படிப்பட்ட நாயின் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் கழுவாதீர்கள்.

காய்ச்சலுக்கு என்று மெடிக்கலில் பாராசிட்டமால், புரூஃபென், ஆஸ்பிரின் வாங்கிக் கொடுப்பது பெரிய தவறு. பிளேட்லெட் குறைந்த நாய்க்கு இவற்றில் சில வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். பப்பாளி இலைச்சாறும் கிருமியைக் கொல்லாது. அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

எந்தச் சோதனை, எப்போது

மருந்து தொடங்கும் முன்னே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊதா மூடி இ.டி.டி.ஏ குழாயில் 2 மில்லி போதும். குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். உறைந்துபோன ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். ஐஸ் பையோடு அனுப்பலாம், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

பேபீசியாவுக்கு மட்டும் காது ஓரத்து ரத்தம் சிறந்தது. காது விளிம்பின் முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஊசியால் குத்தி, வரும் முதல் சொட்டையே கண்ணாடித் தகட்டில் எடுத்து மெல்லியதாக இழுக்க வேண்டும். கிருமி ஏறிய சிவப்பணுக்கள் நுண்குழாய்களில் தேங்குவதால் முதல் சொட்டில்தான் அதிகம் சிக்கும். ஸ்பிரிட் காயாவிட்டால் செல்கள் வெடித்துத் தகடு வீணாகும்.

கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடிவு காட்டும் எர்லிக்கியா கிட் ஆன்டிபாடியைத்தான் காட்டுகிறது, கிருமியை அல்ல. காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் ஆன்டிபாடி உருவாகியிருக்காது. நோய் இருந்தும் நெகட்டிவ் வரும். குணமான நாய்க்கோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட பாசிட்டிவ் வந்துகொண்டேயிருக்கும். எனவே நல்லபடி ஓடியாடும் நாய்க்குக் கிட் பாசிட்டிவ் என்பதற்காக மறுபடி மறுபடி மருந்து ஏற்றாதீர்கள், பிளேட்லெட்டும் பி.சி.வி.யும் (ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற அளவு) எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பிளேட்லெட் 2 லட்சத்துக்கு மேல், பி.சி.வி. 37 சதவீதத்துக்கு மேல் இருப்பது இயல்பு. சந்தேகம் தீராவிட்டால் கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள்.

மருந்து

அளவை எழுத வேண்டியவர் மருத்துவர். சீட்டைச் சரிபார்க்க உங்களுக்கு உதவும் கணக்கு இது: எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 200. காலை 100, இரவு 100 என்று பிரித்தால் வாந்தி குறையும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். மாத்திரை தொண்டையில் தங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். விழுங்கியதும் சோறோ தண்ணீரோ உள்ளே போக வேண்டும். பால், தயிரோடு கொடுத்தால் மருந்து சரியாக ஏறாது.

மூன்றாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிட வரும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் இறங்கினாலும் மண்ணீரலில் கிருமி தங்கியிருக்கும். மாதக்கணக்கில் எந்த அடையாளமும் இல்லாமல் கிடந்து, பிறகு எலும்பு மஜ்ஜையையே வற்ற வைத்துத் திரும்பி வரும். அந்தக் கட்டத்தில் சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் மூன்றும் ஒன்றாக விழும், பிழைப்பது அரிது. 28 நாள் என்றால் 28 நாள்.

ஐந்து நாளாகியும் மாற்றம் இல்லையென்றால் கூடவே பேபீசியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி, கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், 14 நாள் கழித்து மறுபடி ஒன்று. எச்சில் ஒழுக்கும் வாந்தியும் வரும் என்பதால் முன்னதாக அட்ரோபின் போடுவார்கள். கிப்சோனி இந்த ஊசிக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு அடோவகோன், கிலோவுக்கு 13.3 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொழுப்புள்ள தீனியோடு. கூடவே அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் நாளுக்கு ஒருமுறை. இரண்டும் 10 நாள். கொழுப்பு இல்லாமல் கொடுத்தால் அடோவகோன் குடலிலிருந்து ஏறவே ஏறாது. பேபீசியாவுக்குப் போடும் டிமினசீன் ஊசியில் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவு தப்பினால் மூளையைத் தாக்கும்.

ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. உடம்பே தன் ரத்த அணுக்களை அழிக்கும்போது, கிருமிக்கான மருந்தோடு சேர்த்துச் சில நாள் ஸ்டீராய்டு கொடுப்பது உயிரைக் காக்கலாம். கிருமிக்கு மருந்தே இல்லாமல், 'தெம்பு ஊசி' என்று ஸ்டீராய்டு மட்டும் போட்டால் நாய் இரண்டு நாள் துள்ளும். கிருமியை அடக்கி வைத்திருந்த எதிர்ப்பும் அதற்குள் படுத்துவிடும். என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

உண்ணியை ஒழிப்பது

உண்ணியின் பெரும்பகுதி நாய் மேல் இல்லை, உங்கள் சுவரில் இருக்கிறது. ரத்தம் குடித்த பெண் உண்ணி இறங்கி, மேலே ஏறி, சுவர் வெடிப்பிலும் திண்ணை இடுக்கிலும் கீற்றுக் கொட்டகையின் மூங்கில் கட்டிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, கொதிநீரில் அலசக்கூடிய துணியைப் போடுங்கள். மாட்டு உண்ணி வேறு இனம். கொட்டிலைக் குறை சொல்லிவிட்டுத் திண்ணையை விட்டுவிடாதீர்கள்.

நாய்க்கு ஃப்ளூரலேனர் மாத்திரை ஒன்று 12 வாரம் வரை தாங்கும். வலிப்பு உள்ள நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். உடம்பில் ஊற்றும் அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. குட்டிக்கும் சினை நாய்க்கும் கூடாது, நக்காதபடி காயும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்லுக்கு அடித்தது போக மிச்சமிருக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தோல் வழியே ஏறி, நுரை தள்ளி, சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும்.

ஒட்டிய உண்ணியை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், பீடிச் சூடு வேண்டாம். நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட் புட்டியில் போடுங்கள். விரல் இடுக்கு, காது மடலின் உள்பக்கம், கழுத்துப்பட்டைக்கு அடியில், வால் அடியில் தினமும் தடவிப் பார்க்க வேண்டும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே ஏறிவிடும்.

குணமான பிறகு

கிப்சோனி பெரும்பாலும் முழுதாக ஒழியாது. உடம்பு அதை அடக்கி வைத்திருக்கும், அவ்வளவுதான். மருந்து முடிந்த 60, 90ஆம் நாட்களில் பி.சி.ஆர். எடுத்து, இரண்டும் நெகட்டிவ் என்றால் நிம்மதி கொள்ளலாம். கருத்தடை அறுவைக்கு முன் இந்த நாய்களுக்கு ரத்த எண்ணிக்கை பார்த்தே ஆக வேண்டும். நாய்ச் சண்டைக் கடியிலும், தாயிடமிருந்து குட்டிக்கும் கிப்சோனி போகும்.

பி.சி.வி. 15க்குக் கீழே இறங்கி மூச்சிரைத்தால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகில் வசதியுள்ள மருத்துவமனைக்கோ முன்கூட்டியே பேசிவிட்டு, கொடையாளி நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள்: 25 கிலோவுக்கு மேல் எடை, இதுவரை உண்ணிக் காய்ச்சல் வராதது, தடுப்பூசி முடித்தது. அதன் ரத்தத்தையும் பேபீசியாவுக்குப் பார்த்த பிறகே ஏற்றச் சொல்லுங்கள். நம் பகுதியில் திடமாகத் திரியும் நாயின் ரத்தத்திலும் கிப்சோனி சத்தமில்லாமல் இருக்கும்.