சிப்பிப்பாறையைப் பலகையில் ஏற்றிய கதை

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குத் தண்ணீர் பயம் கிடையாது, பலகைதான் பயம். சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணியில் ஓட்டம் குறைவான இடத்தில் பேடில் போர்டை, அதாவது ஏறி நின்று துடுப்புப் போடும் மிதவைப் பலகையைப் போட்டால், ஏறுவான், நாலு காலும் வழுக்கும், உடனே குதித்துவிடுவான்.

சரி, ஆறே வேண்டாம் என்று பலகையை முற்றத்தில் காற்றடித்துப் போட்டேன். சோறு அதன்மேல்தான். "ஏலே, ஏறுல" என்றால் ஏற வேண்டும், "எறங்கு" என்று சொன்னபிறகே இறங்க வேண்டும். அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். பாதி வேலையும் இங்கேயே முடிந்தது.

வழுக்கலுக்குக் காரணம், பலகையின் முன்பாதி வெறும் பிளாஸ்டிக். நகத்துக்குப் பிடிமானம் இல்லை. பழைய யோகா விரிப்பை வெட்டி, முன்பக்க எலாஸ்டிக் கயிற்றுக்கு அடியில் செருகினேன். நடக்க ஆரம்பித்துவிட்டான். காற்றும் முக்கியம், பலகையில் போட்டிருக்கும் அளவுக்குக் குறைந்தால் நடுவில் தொய்ந்து ஆடும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். சிப்பிப்பாறை உடம்பில் கொழுப்பு ஏது? முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள், விழுந்தவனைத் தூக்க அதுதான் உதவும். கழுத்துக் கயிற்றைப் பலகையோடு கட்டவே கூடாது; கவிழ்ந்தால் சிக்கிக்கொள்ளும்.

ஆற்றில் நான் முழங்காலிட்டே துடுப்புப் போட்டேன், அவன் எனக்கு முன்னால். நிற்பதெல்லாம் பிறகுதான். கொக்கைக் கண்டால் மட்டும் இன்னும் பாய்கிறான். வேட்டை நாய், என்ன செய்ய? அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் அன்றைக்கு இறங்குவதில்லை. வெயில் ஏறினால் பலகை பாதத்தைச் சுடும், அதனால் காலை எட்டு மணிக்குள் கரையேறிவிடுவோம்.