சுங்கர் காலச் சுடுமண் பலகை: அச்செடுத்துச் செய்யும் முறை

ஹரப்பாவின் பெண்ணுருவங்கள் கையால் பிடித்தவை. மூக்கு ஈரமண்ணைக் கிள்ளியது, கண் தனியே உருட்டி ஒட்டியது. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வட இந்தியாவை ஆண்ட சுங்க மரபின் பெயரால் சுங்கர் காலம் எனப்படும் கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் உத்தரப் பிரதேசத்துக் கோசாம்பி, மதுரா, வங்காளத்துச் சந்திரகேதுகர் போன்ற ஊர்களில் அச்சு பரவியது. ஒரே அச்சில் எத்தனை பலகை வேண்டுமானாலும் எடுக்கலாம். வாங்க ஆளிருக்கும் ஊரில்தான் இது கட்டுப்படியாகும்.

1. மண்: காய்ந்த குளத்து வண்டல் 2 கிலோ, சலித்த நைஸ் மணல் 300 கிராம். வண்டலை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, கொசுவலையில் வடிகட்டுங்கள். தெளிந்த நீரை இறுத்துவிட்டு மணல் சேர்த்து, கையில் ஒட்டாத பதத்தில் பிசையுங்கள். மணல் குறைந்தால் பலகை காயும்போது கோணிக்கொள்ளும்.

2. மூல உருவம்: 12 × 8 செ.மீ. அளவில், நேராகப் பார்த்து நிற்கும் ஒரு பெண். புடைப்பு 5 மி.மீ. போதும். பக்கங்கள் வெளிநோக்கிச் சரிய வேண்டும். உள்ளே குடைந்த இடமிருந்தால் அச்சு கவ்விக்கொள்ளும், மூக்கு பிய்ந்துவரும். கை உடலோடு ஒட்டியிருக்கட்டும். உழைப்பை அணிகலனில் காட்டுங்கள். சந்திரகேதுகர் உருவங்களின் கொண்டையில் ஆயுத வடிவ ஊசிகள் செருகியிருக்கும், காதணி கனமானது, மேகலை பல சரம்.

3. அச்சு: மூலம் நகம் பதியும், ஆனால் வளையாது என்ற பதத்துக்கு வந்ததும் சாம்பல் தூவி, மேலே 2 செ.மீ. தடிமனுக்கு மண்ணை அழுத்துங்கள். சற்று இறுகியதும் கழற்றி, மணிச்சரம் வரவேண்டிய இடத்தில் மழுங்கிய ஈர்க்குச்சியால் வரிசையாகக் குத்துங்கள். இங்கே குழி, பலகையில் மணி. பத்து நாள் நிழலில் உலர்த்தி, கடைசிப் படியில் சொல்லும் முறையில் சுடுங்கள். சுட்ட அச்சு ஈரத்தை உறிஞ்சும் என்பதால் பலகை எளிதில் கழலும்.

4. பலகை: அச்சில் சாம்பல் தூவி, 1 செ.மீ. தடிமனான மண்தகட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவே காற்று அடைபட்டு முகம் மழுங்கும். இருபது நிமிடத்தில் கழலும். பின்பக்க விரல்தடத்தை அழிக்காதீர்கள், பழைய பலகைகளிலும் அது உண்டு. சிலவற்றில் தொங்கவிட மேலே துளையும் இருக்கும். ஈரத்திலேயே பின்னால் நீங்கள் செய்த ஆண்டைக் கீறிவிடுங்கள், இத்தகைய பலகைகளில் போலிகள் ஏராளம்.

மண் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 10% சுருங்கும். 12 செ.மீ. மூலம் 10.8 செ.மீ. அச்சாகி, 9.7 செ.மீ. பலகையாகும். ஒரே உருவம் சிறுத்தும் மங்கியும் கிடைத்தால், முடிந்த பலகையிலிருந்தே யாரோ மறுஅச்சு எடுத்திருக்கலாம்.

மூலத்துக்கு ஒரு நாள் ஆகும், பலகைக்கு அரைமணி. பலகையில் காட்டிய நகையை வாங்க வழியில்லாத வீட்டுக்கும் அதன் உருவம் மலிவாகப் போய்ச் சேர்ந்திருக்க முடியும். ஆகவே அக்காலப் பெண்கள் எல்லாரும் இப்படி அணிந்தார்கள் என்று படிப்பது தவறு. நகரம் எதை அழகென்றும் செழிப்பென்றும் கொண்டாடியது என்பதற்கே இது சாட்சி. உருவம் தெய்வமா மானிடப் பெண்ணா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை.

5. சுடுதல்: நன்றாகக் காய்ந்த பலகைகளை வரட்டிக்கு நடுவே அடுக்கி, வைக்கோல் போர்த்திச் சேறு பூசுங்கள். காற்றுக்குச் சில துளைகள் விடுங்கள். முதல் இரண்டு மணிநேரம் மெல்லிய கணப்புதான். உள்ளே எஞ்சிய நீர் 100 டிகிரியில் ஆவியாகும்போது சூடு வேகமாக ஏறினால் பலகை வெடிக்கும். பிறகு 700 டிகிரிக்கு மேல் ஏறட்டும். மறுநாள் ஆறியபின் பிரியுங்கள். காற்று பட்டது சிவக்கும், படாதது கறுக்கும். கூடவே சுட்ட ஒரு மண்துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். அது குழைந்தால் சூடு போதவில்லை, பலகைகளை மறுபடி சுடுங்கள்.