மஞ்சப்பையில் இருந்து தொடங்குங்கள்: அமெரிக்கா வரும் அப்பா அம்மாவுக்கு மெடிகேர்

கிரீன் கார்டில் அப்பா நியூவர்க் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. கும்பகோணத்து ஜவுளிக்கடையில் கொடுத்தது. அதற்குள் மூன்று மாதத்துக்கான மாத்திரைகள். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பார்த்தோம். பாதி அட்டைகளில் பெயரே இல்லை. பத்து மாத்திரை போதும் என்று கேட்டால் மருந்துக்கடையில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா, பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. "காலைல சின்னது ரெண்டு, ராத்திரி மஞ்சள் ஒண்ணு" என்று அப்பாவுக்குக் கணக்கு சரியாகத் தெரியும். இங்கே டாக்டருக்கு அது போதாது. இன்ஷூரன்ஸ் பிளான் தேட அதை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது.

அதனால் பெற்றோர் ஊரில் இருந்து கிளம்பும் முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் பிராண்டு பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கிளைகோமெட் ஜிபி என்று இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு என்று தனித்தனியாகச் சொன்னால் உடனே புரியும். பாராசிட்டமாலுக்கு இங்கே அசெட்டமினோஃபென் என்று பெயர். நம் ஊரில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் சில மருந்துகளுக்கு அமெரிக்காவில் அங்கீகாரமே கிடையாது. சர்க்கரைக்கான வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்ளசைடு, ரத்த அழுத்தத்துக்கான சில்னிடிபின், வெறும் வயிற்றில் போடும் பான்-டி மாத்திரைக்குள் இருக்கும் டோம்பெரிடோன் எல்லாம் அந்த வகை. இவற்றுக்கு இங்கே டாக்டர் வேறு மருந்து மாற்றி எழுத வேண்டும். மாற்றிய பிறகு சர்க்கரையும் அழுத்தமும் ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும். கையிருப்பு தீரும் வாரத்தில் டாக்டரைத் தேடி ஓடாதீர்கள்.

சரி, மெடிகேர், அதாவது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவ இன்ஷூரன்ஸ், எப்போது கிடைக்கும்? வந்த உடனே கிடைக்காது. 65 வயதைத் தாண்டியவர்களாக இருந்தாலும், அமெரிக்காவில் வேலை செய்த கணக்கு இல்லையென்றால், கிரீன் கார்டுடன் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்த பிறகுதான் மெடிகேரில் சேர முடியும். இடையில் ஊருக்குச் சின்னப் பயணம் போய் வருவதில் பிரச்சினை இல்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டால்தான் "தொடர்ந்து வசித்தாரா" என்ற கேள்வி எழும். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளின்படி போன தேதி, வந்த தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் பின்னால் உதவும்.

அந்த ஐந்து ஆண்டுகளுக்கு என்ன செய்வது? நம் கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்கப் பெரும்பாலும் இடம் தரமாட்டார்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸை நம்பி வருடக்கணக்கில் இருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. கிரீன் கார்டு உள்ளவர்கள் மாநில மார்க்கெட்பிளேஸில், அதாவது பேச்சுவழக்கில் ஒபாமாகேர் என்கிறோமே அதில், பிளான் வாங்கலாம். பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. வந்து இறங்கிய நாளில் இருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் ஆண்டு இறுதிச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரும். பெற்றோரை உங்கள் வரிக்கணக்கில் சார்ந்திருப்பவர்களாகக் காட்டினால் மானியத்துக்கு உங்கள் குடும்ப வருமானம்தான் பார்க்கப்படும். எனவே வரி போடுபவரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

ஐந்து ஆண்டுகள் முடியும் மாதத்துக்கு மூன்று மாதம் முன்பு மெடிகேரில் சேரக் கதவு திறக்கும். அந்த மாதமும் அதற்கடுத்த மூன்று மாதமும் சேர்த்து மொத்தம் ஏழு மாதம். மெடிகேரில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிச் செலவுக்கு, பார்ட் பி டாக்டருக்கும் பரிசோதனைகளுக்கும், பார்ட் டி மருந்துக்கு. எல்லோரும் "பார்ட் ஏ இலவசம்" என்று சொல்வார்கள். பத்து ஆண்டுகள், அதாவது 40 காலாண்டுகள், தாமோ கணவன் மனைவியில் ஒருவரோ இங்கே வேலை செய்து வரி கட்டியிருந்தால்தான் அது இலவசம். நாம் இருபது வருடம் கட்டிய வரி பெற்றோருக்குக் கணக்கில் வராது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் அப்பா ஊரில் முப்பது வருடம் பிஎஃப் கட்டியதும் வராது. இலங்கைக்கும் அப்படித்தான்.

2026இல் பார்ட் ஏ முழுக்கட்டணம் மாதம் 565 டாலர். 30 முதல் 39 காலாண்டு வரை வேலை செய்தவர்களுக்கு 311. பார்ட் பி 202.90. ஆக ஒருவருக்கு மாதம் 767.90, அம்மா அப்பா இருவருக்கும் 1,535.80 டாலர். இது கேட்டவுடன் பலர் பார்ட் ஏ வேண்டாம், பார்ட் பி, டி மட்டும் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். சட்டப்படி அப்படி எடுக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கும்போது அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். அட்வான்டேஜ் பிளானிலோ (தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர்) மெடிகேப்பிலோ (மெடிகேர் தராமல் விடும் செலவுக்கான கூடுதல் இன்ஷூரன்ஸ்) சேர ஏ, பி இரண்டும் வேண்டும் என்பதால் அந்த வழிகளும் அடைபடும். தள்ளிப்போட்டுப் பிறகு சேர்ந்தால் அபராதம் உண்டு. பார்ட் பி என்றால் ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீதம் கூடும். பெரும்பாலானவர்களுக்கு அது பார்ட் பி இருக்கும் வரை விடாது.

அடுத்தது பெரிய முடிவு: அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரா, அட்வான்டேஜா? ஒரிஜினலில் மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். ஆனால் பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம்முடையது, அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்த ஓட்டையை அடைப்பதுதான் மெடிகேப். 65 வயதுக்குமேல் பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் வாங்கினால் உடல்நிலை பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அதற்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் மட்டும் எப்போதும் வாங்கலாம். அட்வான்டேஜ் பிளானில் மாதக் கட்டணம் குறைவு, பல், கண் என்று கூடுதலாகவும் சில சேரும். 2026இல் நெட்வொர்க்குக்குள், அதாவது பிளான் பட்டியலில் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளில், நம் ஆண்டுக் கைச்செலவு 9,250 டாலரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. பதிலுக்கு அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர்கள்தான், பெரிய பரிசோதனைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

நம் வீடுகளில் இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊர்ப் பயணம்தான். குளிர்காலம் வந்தால் அம்மாவுக்கு ஊர் நினைவு வந்துவிடுகிறது. அட்வான்டேஜ் பிளானின் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பெரும்பாலான பிளான்கள் பெயரை எடுத்துவிடும். இந்தியாவில் நடக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் பொதுவாகப் பணம் தராது. மெடிகேப் பிளான் ஜி போன்ற சிலவற்றில் மட்டும் பயணத்தின் முதல் 60 நாட்களில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக மீதியில் 80 சதவீதம் கிடைக்கும், வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். வருடா வருடம் ஊருக்குப் போகும் பெற்றோர் என்றால், வசதி இருந்தால், பார்ட் பி தொடங்கிய அந்த முதல் ஆறு மாதத்துக்குள் மெடிகேப் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். இதில் நான் பட்டது இது. அப்பாவுக்குப் பார்ட் டி எடுக்கும்போது மாதக் கட்டணம் ஆகக் குறைவாக இருந்த பிளானைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். 2025 ஜனவரி முதல் வாரம், ரத்தம் உறையாமல் இருக்க அவர் எடுக்கும் எலிக்விஸ் வாங்கப் போனோம். ஒரு மாதத்துக்கு 500 டாலருக்கு மேல் கேட்டார்கள். அந்தப் பிளானில் டிடக்டிபிள், அதாவது பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை, தீரும் வரை முழு விலை நம்முடையது. மாதம் பதினெட்டு டாலர் கூடுதலாக இருந்த இன்னொரு பிளானில் அந்த மருந்துக்கு டிடக்டிபிளே கிடையாது. அப்பா கவுண்டரில் நின்றபடி, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேம்ப்பா" என்றார். அந்தப் பேச்சைப் பெற்றோர் பேசும்படி விட்டுவிடாதீர்கள். ஊரில் விலை பார்த்தே பழகியவர்கள், நமக்குச் சொல்லாமலே மாத்திரையைப் பாதியாக்கிவிடுவார்கள்.

மெடிகேர் இணையதளத்தில் பிளான் தேடும் பக்கத்தில் மருந்து, அளவு, மாதம் எத்தனை, எந்தக் கடை என்று போட்டால், கட்டணமும் மருந்துச் செலவும் சேர்ந்து ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்று காட்டும். அந்த மொத்தத் தொகையை வைத்து வரிசைப்படுத்துங்கள். கடையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒரே பிளான், ஒரே மாத்திரை, தெருவின் இந்தப் பக்கக் கடையில் ஒரு விலை, எதிர்ப்பக்கத்தில் வேறு விலை.

2022இல் வந்த சட்டத்தால் நிலைமை முன்பைவிட நன்றாக இருக்கிறது. பிளான் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு நம் கைச்செலவு 2026இல் 2,100 டாலரைத் தாண்டினால் அந்த ஆண்டு முழுவதும் மேற்கொண்டு ஒன்றும் கட்ட வேண்டாம். பிளானில் உள்ள இன்சுலின் ஒவ்வொன்றும் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது. அக்கித் தடுப்பூசி இலவசம். டிடக்டிபிள் 615 டாலருக்கு மேல் வைக்க முடியாது. மெடிகேர் தானே பேரம் பேசிய முதல் பத்து மருந்துகளின் விலையும் 2026 ஜனவரியில் இருந்து இறங்கியிருக்கிறது. 30 நாளுக்கு எலிக்விஸ் 231 டாலர், சர்க்கரைக்கான ஜார்டியன்ஸ் 197, ஜானுவியா 113. ஜனவரியில் மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டவும் பிளானிடம் கேட்கலாம், வட்டி கிடையாது.

மெட்ஃபார்மின் போன்ற பழைய ஜெனரிக் மருந்துகளுக்கு இன்ஷூரன்ஸ் காட்டாமல் ரொக்க விலையும் கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் நான்கு டாலருக்கே கிடைக்கும். காஸ்ட்கோ மருந்துக் கடையில் வாங்க உறுப்பினர் அட்டை தேவையில்லை. ஆனால் இப்படி வாங்குவது 2,100 கணக்கில் சேராது. வருமானம் குறைந்தவர்களுக்கு எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்ற உதவி மருந்துச் செலவைப் பெரிதும் குறைக்கும். நியூ ஜெர்சியில் பாட், நியூயார்க்கில் எபிக், பென்சில்வேனியாவில் பேஸ் என்று மாநிலத் திட்டங்களும் உண்டு.

பிளான் விற்கும் ஏஜென்டிடம் போகும் முன் உங்கள் மாநிலத்து ஷிப் (SHIP, மெடிகேர் பற்றி ஆலோசனை தரும் அரசுத் திட்டம்) ஆலோசகரிடம் பேசுங்கள். இலவசம், எதையும் விற்கமாட்டார்கள். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் "தமிழ்" என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அம்மாவே பேசட்டும்.

பிளான்கள் ஆண்டுதோறும் மருந்துப் பட்டியலை மாற்றும். மாறிக்கொள்ள அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நேரம். எங்கள் வீட்டில் அப்பாவின் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, மூலப்பெயர், மில்லிகிராம், வேளை எல்லாம் அவர் கையெழுத்தில். அக்டோபர் வந்ததும் அவரே அதை எடுத்துக்கொண்டு என் லேப்டாப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.