வெம்பிப் பழுக்கும் நுரையீரல்: பிறக்குமுன் நடப்பதில் நாம் செய்யும் தவறுகள்

"ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை பிழைக்காது" என்று பிரசவ வார்டு வாசலில் யாராவது ஒரு பெரியவர் இன்றும் சொல்லக் கேட்கலாம். தயவுசெய்து நம்பாதீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரல் தேறிக்கொண்டேதான் வருகிறது. மூச்சை விட்டதும் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம். அது சுரக்கத் தொடங்குவதே 24 வாரத்தை ஒட்டித்தான். தேவையான அளவு சேர ஏறக்குறைய 35 வாரம் ஆகும்.

இந்த வளர்ச்சியை நடுவில் குலைப்பது அழற்சி, அதாவது கிருமித் தொற்றால் திசு புண்பட்டு வீங்குவது. ஆறாம் மாதத்தில் ஒரு நாள் பாவாடை லேசாக நனைந்திருக்கும். சிறுநீர்தான் தெரியாமல் போயிருக்கும் என்று மாற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள். மறுநாளும் நனையும். அது பனிநீர்க் கசிவாக இருந்தால் அந்த வழியே கிருமி மேலேறிப் பனிக்குடச் சவ்வைத் தாக்கலாம். "காய்ச்சலே இல்லையே, அப்புறம் என்ன தொற்று?" என்பதும் தவறு. காய்ச்சல் இல்லாமலே அழற்சி இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு நச்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது என்பதெல்லாம் சர்வ சாதாரணம். ஈரம் பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படித்தவர்களே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி அழற்சிக்கு ஆளான குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் வரும் மூச்சுத்திணறல் குறைவாகவே இருந்தது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோய் அவர்களிடம்தான் அதிகம். செம்மறியாடுகளிலும் இதே கதைதான்: பனிநீரில் பாக்டீரியா நச்சைச் செலுத்தியதும் சர்ஃபாக்டன்ட் சீக்கிரம் சுரந்தது, காற்றுப்பைகளோ எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துப் போயின. வெம்பிப் பழுத்த மாங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் வந்திருக்கும், சதை திரண்டிருக்காது. எனவே "பிறந்ததும் நன்றாக மூச்சு விட்டானே" என்று குறைமாதக் குழந்தைக்கு மறுபரிசோதனையைக் கைவிடாதீர்கள்.

முன்கூட்டியே பிரசவமாகும் நிலையில், குழந்தையின் நுரையீரல் தேறுவதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பெயருக்குப் பயந்து மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972லேயே அதன் பலனைக் காட்டிவிட்டார்கள். மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மரபணுவுக்கு வருவோம். மாதம் நிறைந்து பிறந்த குழந்தை. முனகி முனகி மூச்சு விடுகிறது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. சர்ஃபாக்டன்ட் மருந்து கொடுத்தால் சில மணி நேரம் தெளிகிறது, பிறகு மறுபடியும் திணறல். சர்ஃபாக்டன்ட் சரியாக உருவாகத் தேவையான இரண்டு மரபணுக்களில், சர்ஃபாக்டன்ட் புரதம் பி-க்கான மரபணுவோ ஏபிசிஏ3 மரபணுவோ பழுதானால் இப்படி ஆகலாம். "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே" என்பது இங்கே செல்லாது. தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்து, இருவருமே ஆரோக்கியமாக இருப்பார்கள். இரண்டு பழுதும் சேர்ந்து வந்த குழந்தைக்குத்தான் நோய். மருமகளை மட்டும் குறை சொல்வது அநியாயம். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

"ஒன்றுக்கு வந்தாயிற்று, இனி வராது" என்றும் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தையின் மரபணுச் சோதனை ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்குப் பிறகு நச்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கும்போது, எந்தப் பழுதைத் தேடுவது என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள்.